நலமாய்க் கரை சேர

சட்ட உதவி மேசையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். வக்காலத்து, வாய்தா, எதிருரை, தீர்ப்பாணை என்று நாற்பது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், வருகிற மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதித் தாருங்கள் அம்மா என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தது சரிதான், எழுதிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன்.

முப்பத்தொன்பது சொல்லுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. சம்மன் என்பது நீதிமன்றம் உங்களைக் கூப்பிடுகிற கடிதம். அதை வாங்கிக்கொண்டால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது. இந்த இரண்டாவது பாதியைக் கட்டாயம் சொல்லுங்கள். அது தெரியாமல் சம்மனைக் கண்டதும் பின்வாசல் வழியாக உப்பளத்துக்கு ஓடிய ஆட்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். அவர்கள் இல்லாமலே வழக்கு நடந்து, அவர்கள் இல்லாமலே தீர்ப்பும் ஆகிவிடும். பிறகு வந்து, ‘நான் எதிலயும் கையெழுத்துப் போடலயே வக்கீலம்மா, அது எப்படிச் செல்லும்?’ என்று கேட்பார்கள்.

நாற்பதாவது சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அந்தச் சொல் ‘அனுமானம்’. அதை ஒரு தடவை நான் ஒரே வரியில் விளக்கி, ஒரு குடும்பத்தின் இரண்டு வருடத்தைப் பாழாக்கினேன். ஆகவே அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் முன்கோபம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் பழைய குமாஸ்தாக்களைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். காலையில் ஐந்து வழக்கு கூப்பிடுகிற நாளில், பத்து மணிக்கு முன்னால் என்னிடம் யார் வந்து உட்கார்ந்தாலும் அரை நிமிடத்தில் பேச்சை முடித்துவிடுவேன். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு காலையில்தான் ரெஜினா வந்தாள்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் வீடு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவளுடைய கணவர் லூர்து தோணியில் வேலை பார்த்தவர். நம் துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற மரக்கப்பல்தான் தோணி, உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் அப்படிப் போன தோணி வழியில் கடல் கொந்தளித்து மூழ்கிவிட்டது. ஆறு பேரில் ஐந்து பேரை இன்னொரு கப்பல் காப்பாற்றிக் கொண்டுவந்தது. லூர்து மட்டும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அவர்கள் வீடு லூர்து பெயரில் இருந்தது. பழைய மண்சுவர், பாதி விழுந்துவிட்டது. அரசு வீடு கட்டித் தருகிற திட்டத்தில் எழுதிக் கொடுக்கப் போனால், பட்டா உன் பெயரில் வேண்டும் என்றார்கள். பட்டாவை மாற்றப் போனால் வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். உடல் இல்லாமல் இறப்பைப் பதிவு செய்ய முடியாது, நீதிமன்றத்துக்குப் போம்மா என்று அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவரும் சொன்னது சட்டப்படி சரி. அவள் எல்லாக் காகிதத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்திருந்தாள்.

காகிதங்களைப் புரட்டினேன். ஏழு வருடம் முடிந்திருந்தது. எளிய வழக்கு என்று தோன்றியது.

“ஏழு வருசம் ஆச்சில்லா? உன் வீட்டுக்காரர் இறந்துட்டார்னு பிராது போடணும். ‘என் கணவர் இறந்துவிட்டார்’னு எழுதித் தாரேன், கையெழுத்துப் போடு. கோர்ட்டு அதை அனுமானிச்சு உத்தரவு போடும்” என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். “நான் அப்படிச் சொல்ல மாட்டேன் வக்கீலம்மா” என்றாள். “அவுக செத்ததை நான் பாக்கலயே.” துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடினேன். மத்தியானம் வரைக்கும் அவள் நினைப்பே எனக்கு வரவில்லை, அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கார்த்திகை மாதம் அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை மகளும் கூட வந்திருந்தாள். பதினாறு வயசு, பெயர் ஜெனி. தோளிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. அடைமழையில் மிச்சம் நின்ற சுவரும் சரிந்து அந்தப் பிள்ளை மேல் விழுந்திருக்கிறது. காறையெலும்பு முறிந்ததோடு போயிற்று. அந்தப் பிள்ளை இன்னும் ஓரடி தள்ளிப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரெஜினா சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

“அவுக செத்துட்டாகன்னு நான் சொல்லாம, வேற ஏதும் வழி இருக்கா?” என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு நான் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இருபது வருடத்துக்கு மேல் தெரியும் என்று நினைத்திருந்த அந்தச் சட்டப் பிரிவை எடுத்து மறுபடி வாசித்தேன். நான்கைந்து வரிதான். ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லை என்று காட்டினால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இவ்வளவுதான் அது சொல்கிறது. மனைவி தன் வாயால் கணவன் இறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. நான் நேரத்தை மிச்சம் பிடிக்க என் வாயால் சேர்த்துச் சொன்னது அது.

“இங்கன உக்காரு ரெஜினா” என்றேன். “சட்டம் உங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்குது. போனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அவரைப் பத்தி ஒரு கடுதாசி, ஒரு போன், யாராச்சும் பார்த்தேன்னு ஒரு வார்த்தை, ஏதாச்சும் வந்துதா?”

“இல்ல.”

“அதை மட்டும் சொல்லு போதும். மிச்சத்தை நீதிபதி சொல்லுவார். உன் வாயால சொல்ல வேண்டாம்.”

“அது பொய்யாயிராதே?”

“தகவல் வரலங்கிறது பொய்யா?”

பேனாவைக் கேட்டாள். இந்தப் பேச்சுக்கு மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருந்தால், ஜெனியின் தோள் முறிந்திருக்காது. அதற்காக அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று புரியாமல், “பரவால்ல ஆன்ட்டி, இப்ப வலி இல்ல” என்றது. இன்று வரைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

வழக்குப் போட்டோம். அரசுத் தரப்பில் யார் யாரைச் சேர்க்க வேண்டுமோ சேர்த்துவிட்டு, லூர்துவின் அண்ணன் சூசையையும் பிரதிவாதியாகச் சேர்த்தேன். தாய் தகப்பன் இல்லாதவரைப் பற்றித் தகவல் என்று ஒன்று வந்தால், அது முதலில் போகக்கூடிய இடம் அண்ணன்தானே. எங்களுக்கும் ஒன்றும் தெரியாது, ஆட்சேபணை இல்லை என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம்.

அவர் கொடுக்கவில்லை. வக்கீல் வைத்து எதிருரை போட்டார். என் தம்பி உயிரோடு இருக்கிறான், அவன் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கடற்கரைத் தெருவில் ஒரு துண்டு நிலம், அதற்கு ஆசைப்படுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் குடும்பம் பனங்காட்டுப் பக்கத்தது, கருப்பட்டிக் கடை. அண்ணன் தம்பிகள் அரை சென்ட் வேலிக்கு அடித்துக்கொண்டதை எல்லாம் சின்ன வயசிலேயே பார்த்தவள் நான். அதே கண்ணால் இவரையும் பார்த்தேன். எதிர்க்கட்சிக்காரரிடம் அவருடைய வக்கீல் இல்லாமல் நாம் பேசக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, அது அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் நீதிமன்ற வாசலிலேயே நன்றாக ஏசியிருப்பேன்.

ஒரு விஷயத்தை நான் கவனித்திருக்க வேண்டும். சூசை வேம்பாரில் உப்பளத்தில் வேலை பார்த்தார். அங்கேயிருந்து பஸ் பிடித்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார். வழக்கு அன்றைக்கு வராது, தள்ளிப் போடுவார்கள் என்று தெரிந்த நாளில்கூட வந்தார். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், யாரிடமும் பேசமாட்டார். நிலத்துக்கு ஆசைப்படுகிற ஆள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்படி வந்து உட்கார மாட்டான், வக்கீலை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். என் கோபத்தில் இது எனக்கு உறைக்கவில்லை.

இதற்கிடையில் வீட்டுத் திட்டத்தில் அடுத்த பட்டியல் தயாராகிறது, ஐப்பசிக்குள் பட்டா வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டார்கள். அவளும் மகளும் தார்ப்பாய் கட்டி அதன் கீழே இருந்தார்கள். இன்னொரு மழைக்காலத்தை அந்தத் தார்ப்பாய் தாங்காது. அப்படி இருக்கும்போதுதான் சாட்சி விசாரணை தொடங்கியது.

ரெஜினா கூண்டில் ஏறினாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன், தகவல் வரவில்லை என்று சொன்னாள். பிறகு சூசையின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். கெட்டிக்காரர், என் வயசு இருக்கும். அவர் கையில் பங்குக் கோயிலிலிருந்து, அதாவது அவர்கள் தேவாலயத்திலிருந்து, வாங்கிய ஒரு நகல் இருந்தது.

உங்களில் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலில் பூசைக்குக் கருத்துக் கொடுப்பார்கள். இன்னாருக்காக, இன்ன வேண்டுதலுக்காக இந்தப் பூசை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, சாமியார் அதைப் பூசையில் வாசிப்பார். இறந்தவர்களுக்கு என்றால் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று எழுதுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு என்றால் சுகத்துக்காக, தேர்வுக்காக, நன்றிக்காக என்று இருக்கும். இரண்டையும் யாரும் மாற்றி எழுத மாட்டார்கள். எனக்கு அந்த வழக்கமே தெரியாது. அவ்வளவு வருடம் அந்த மக்களுக்கு வழக்கு நடத்தியும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

வக்கீல் வாசித்தார். “தோணி மூழ்கின அடுத்த வருசம், அதே தேதி. ‘லூர்து நலமாய்க் கரை சேர. கேட்பவர் மனைவி ரெஜினா.’ அதுக்கு அடுத்த வருசம், அதே தேதி. ‘லூர்து நலமாய்க் கரை சேர.’” இப்படி ஒன்பது வருடமும் வாசித்தார். இந்த வழக்கைப் போடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் எழுதியதும் அதில் இருந்தது.

“ஒரு வருசம்கூட இளைப்பாற்றிக்குப் பூசை கேக்கல. கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தல. அப்படித்தானே?”

“ஆமா.”

“அவர் உயிரோட இருக்கிறார்னு உங்களுக்கு ஏதோ தகவல் இருக்கு. அதை மறைச்சு இந்தக் கோர்ட்டுல பொய் சொல்லுதீங்க.”

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் பாதி எழுந்துவிட்டேன். ஜெபத்துக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆட்சேபணை சொல்ல வாயெடுத்தேன். அவர் அதை ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த நகல் நீதிபதியின் மேசையில் அப்படியே கிடக்கும். அதற்குப் பதில் இல்லாத மாதிரியும் ஆகிவிடும்.

அந்த நேரத்தில் தற்செயலாகப் பின்வரிசையைப் பார்த்தேன். தன் வக்கீல் மடக்கிவிட்டார் என்று சூசை சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ரெஜினாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டில் அவள் எழுதியது என்னவென்று அவருக்கும் அந்த நிமிடம்தான் தெரிந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே புரிந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். குறுக்கு விசாரணை முடிந்ததும், மறு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நம் சாட்சியிடம் பதில் தெரியாமல் எந்தக் கேள்வியும் கேட்காதே என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பதில் தெரியாது. அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது மட்டும் தெரியும். ஒரு பொய்யான கையெழுத்தைப் போடுவதற்குப் பதிலாக இரண்டு வருடம் இடிந்த வீட்டில் இருந்தவள் அவள்.

“அந்தக் கருத்தை ஏன் வருசா வருசம் கொடுத்தே, ரெஜினா?”

அவள் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். “தகவல் வந்திருந்தா நான் நன்றிப் பூசையில்லா கேட்டிருப்பேன் ஐயா? வரல. அதனாலதான் மறு வருசமும் போயி அதையே கேட்டேன்.”

நீதிபதி அந்த நகலை எடுத்து மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து பார்த்தார். ஒன்பது வரி, ஒன்றிலும் நன்றி என்ற சொல் இல்லை. நாங்கள் கொடுத்த சாட்சியங்களிலேயே வலுவானது அதுவாகிவிட்டது. எதிர்த் தரப்பு வக்கீல் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார், நல்ல மனிதர்.

அடுத்த வாய்தாவுக்குச் சூசை கூண்டில் ஏறினார். உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவரைக் கிழித்துப் போட இருபது கேள்வி எழுதி வைத்திருந்தேன். மூழ்கின அந்தத் தோணியில் அவர்தான் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர் என்பது எனக்குத் தெரியும். அதை வைத்தும் நாலைந்து கேள்வி இருந்தது. ஆனால் போன வாய்தாவில் பார்த்த அந்த முகம் மனதில் நின்றது. காகிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தேன்.

“உங்க தம்பி உயிரோட இருக்கிறதா யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா அண்ணாச்சி?”

“இல்ல.”

“நீங்க பார்த்தீங்களா?”

“இல்ல.”

“பின்ன ஏன் இந்த வழக்கை எதிர்க்குறீங்க? அந்த வீட்டுல உங்களுக்குப் பங்கு வேணுமா?”

“வீடா?” என்று கேட்டார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு மறந்திருந்த மாதிரி இருந்தது. “எனக்கு எதுக்கு வீடு? அது எங்க ஜெனி வீடுல்லா.” பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். “பட்டப்பகல். தண்ணி உள்ள ஏறிட்டு. பின்னால கட்டியிருந்த சின்ன வள்ளத்தை அவுத்துவிடணும், அதுலதான் எல்லாரும் ஏறணும். நான் தண்டல். லேய் லூர்து, நீ போயி அவுத்துவிடுலன்னு நாந்தான் சொன்னேன். அவுத்துவிட்டான். நாங்க அஞ்சு பேரும் அதுலதான் ஏறுனோம். திரும்பிப் பார்த்தா அவன் நின்ன இடத்துல அலைதான் இருக்கு.” என் பக்கம் திரும்பினார். “கோர்ட்டு அவன் செத்துட்டான்னு எழுதிட்டுன்னா, நாந்தான் அவனைக் கொன்னேன்னு எழுதுன மாதிரில்லா அம்மா.”

நிலத்துக்கு ஆசைப்படுகிறான் என்று ஒரு வருடம் முழுக்க நான் மனதுக்குள் ஏசிய மனிதர் அவர். எனக்கு வெட்கமாக இருந்தது. அனுமானம் என்ற சொல்லை நான் ரெஜினாவுக்குத் தவறாகச் சொன்னேன் என்றால், இந்த மனிதருக்கு யாரும் சொல்லவே இல்லை. அவருடைய வக்கீலும் சொல்லவில்லை, வழக்கில் இழுத்துவிட்ட நானும் யோசிக்கவில்லை.

நீதிபதி இளம் வயதுக்காரர். பேனாவை மூடி வைத்துவிட்டு, அவரே பேசினார். “ஐயா, இந்த நீதிமன்றம் உங்க தம்பி எப்படி இறந்தார்னு விசாரிக்கல. அவர் இறந்ததைப் பார்த்தோம்னும் சொல்லப் போறதில்ல. இத்தனை வருசம் தகவல் இல்லாததால, இந்தக் குடும்பம் மேற்கொண்டு வாழுறதுக்காக, இறந்துட்டார்னு எடுத்துக்கிடுறோம். நாளைக்கே அவர் வந்து அந்த வாசல்ல நின்னா, அவர் உயிரோட இருக்கிறார்ங்கிறதுதான் செல்லும்.”

“வந்து நின்னா உள்ள விடுவீகளா?” என்று கேட்டார் சூசை.

“கண்டிப்பா.”

“அப்ப எனக்கு ஆட்சேபணை இல்ல ஐயா.” அவ்வளவுதான் சொன்னார். கூண்டிலிருந்து இறங்கும்போது கால் தடுமாறியது. பிடித்துக்கொண்டது ரெஜினாதான்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் தனியாக எழுதப் போவதில்லை, உங்களுக்கு அறிவு இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் மேசைக்கு வருகிற ஆள் ஒரு சட்டச் சொல்லைக் கேட்டுத் தலையை ஆட்டினால், புரிந்துவிட்டது என்று அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். அந்தச் சொல் அவர்களை என்ன செய்யச் சொல்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள், அதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

வீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். புரட்டாசியில் தீர்ப்பு வந்தது, ஐப்பசி முடிவதற்குள் பட்டா ரெஜினா பெயருக்கு மாறியது, பட்டியலில் பெயர் நின்றது. அந்த வருட மழையை மட்டும் அவர்கள் பக்கத்துத் தெருவில் ஒரு உறவுக்காரர் வீட்டில் கழித்தார்கள். இப்போது நல்ல சிமென்ட் சுவர், ஜெனி அதன் மேல் மஞ்சள் வர்ணம் பூசியிருக்கிறாள். சூசை வேம்பாரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கி, கொத்தனாரோடு சேர்ந்து கல் சுமந்தார்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது தீர்ப்பாணையின் நகலை வாங்கிய நாள். ரெஜினாவும் சூசையும் நீதிமன்ற வராந்தாவில் நின்றார்கள், நான் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இது என்ன, இதனால் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தேதி இருந்த இடத்தில் சூசை குறுக்கிட்டார்.

“எந்தத் தேதியில செத்ததா போட்டிருக்கு?”

அவர் எதிர்பார்த்து நின்றது எந்தத் தேதியை என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாக ரெஜினா பூசை கேட்ட தேதி அது. அந்த வெறும் சட்ட விதியை அன்றைக்குப் போல நான் ஒரு நாளும் நேசித்ததில்லை.

“தோணி மூழ்கின தேதி இல்ல அண்ணாச்சி” என்றேன். “ஒரு ஆள் இறந்துட்டார்னுதான் சட்டம் எடுத்துக்கிடும். என்னைக்கு இறந்தார்னு அதுக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லவும் சொல்லாது. அதனால வழக்குப் போட்ட நாளைத்தான் தேதியா போட்டிருக்கு. போன வருசம் கார்த்திகை.”

அவருக்குப் புரியவில்லை. என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், ரெஜினா அவர் பக்கமாகத் திரும்பினாள்.

“அந்தத் தேதிக்கு நீங்க வேம்பாருல உப்பளத்துலல்லா இருந்தீக அத்தான்” என்றாள். “நீங்க அப்ப தோணியிலயே இல்ல.”

சூசை அந்த வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். ரெஜினாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு என் வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, என் இளைய வக்கீலை அனுப்பி வாய்தா கேட்டேன்.